அறிமுகமில்லாத பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஃபைலை நிறுவும் முன் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன மாதம் அச்சகம் நடத்தும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, பிடிஎஃப்பை வேர்டா மாத்துற எக்ஸ்டென்ஷனாம், டெலிகிராம்ல ஜிப்பா வந்துச்சு. ஆன்ட்டிவைரஸ் பச்சை காட்டுது. போட்டுறட்டுமா?"

"போடாதே தம்பி. திறக்கவும் வேண்டாம், அப்படியே எனக்கு அனுப்பு" என்றேன். அந்த ஃபைலில் என்ன இருந்தது என்பதை வழியில் அங்கங்கே சொல்கிறேன்.

இந்தச் சோதனையைப் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் நிறுவிப் பார்க்கிறார்கள், ஏதோ சரியில்லை என்று பட்டதும் ஸ்கேன் செய்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் அந்த வரிசை ஆபத்து. நிறுவிய சில நொடிகளிலேயே நீங்கள் லாகின் செய்து வைத்திருக்கும் தளங்களின் குக்கீகளை (உங்களை அடையாளம் காண தளம் பிரவுசரில் வைக்கும் சிறு தரவு) எடுத்து வெளியே அனுப்ப ஒரு எக்ஸ்டென்ஷனால் முடியும். பிறகு நீக்கினாலும் போனது போனதுதான். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

7-ஜிப் வேண்டும். ஃபைலைப் பிரிக்கவும் ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்துத் தொடர்) எடுக்கவும் இது ஒன்றே போதும். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பிலிருந்து எடுக்காதீர்கள். அதன் சொந்தத் தளத்துக்குப் போய் எடுங்கள். இதன் பெயரிலேயே போலிகள் உலவுகின்றன.

நோட்பேட்++ போல வண்ணம் பிரித்துக் காட்டும் எடிட்டர் ஒன்று வேண்டும். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களுக்குள்ளும் ஒரே சமயத்தில் தேடும் வசதி அதில் இருக்க வேண்டும்.

எட்டாவது படி வரை போவதாக இருந்தால் ஒரு மெய்நிகர் கணினியும் (உங்கள் கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு கணினி) தேவைப்படும். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான ஃபைல்களுக்கு ஆறாவது படியிலேயே பதில் கிடைத்துவிடும் என்பதால், இதற்காக இப்போதே மெனக்கெட வேண்டாம்.

1. ஃபைலைத் திறக்காமல் அதன் முழுப் பெயரைப் பாருங்கள்

விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். 'கன்வெர்ட்டர்.சிஆர்எக்ஸ்.இஎக்ஸ்இ' என்ற ஃபைல் (இஎக்ஸ்இ என்றால் விண்டோஸில் நேரடியாக ஓடும் புரோகிராம்) உங்கள் கண்ணுக்கு 'கன்வெர்ட்டர்.சிஆர்எக்ஸ்' என்றுதான் தெரியும். அதற்கு குரோம் சின்னத்தை ஐகானாக வைப்பதும் எளிது.

விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ தாவலிலேயே அந்தப் பெட்டி இருக்கும்.

பிறகு 'டைப்' என்ற பத்தியையும் பாருங்கள். எழுத்துகளின் திசையைத் திருப்பும் மறைகுறி ஒன்றைப் பெயருக்குள் செருகி, இஎக்ஸ்இ ஃபைலை வேறு வகை போலக் காட்ட முடியும். டைப் பத்தி அந்த ஏமாற்றுக்கு மசியாது. அங்கே 'அப்ளிகேஷன்' என்று இருந்தால் அது எக்ஸ்டென்ஷன் இல்லை.

2. இது எந்த வகை ஃபைல் என்று முடிவு செய்யுங்கள்

வகை தெரிந்தால்தான் அடுத்து எதைத் தேடுவது என்று தெரியும்.

சிஆர்எக்ஸ் என்று முடிந்தால் குரோம், எட்ஜ், பிரேவ் குடும்பத்தின் எக்ஸ்டென்ஷன். எக்ஸ்பிஐ என்றால் ஃபயர்ஃபாக்ஸுடையது. இரண்டும் அடிப்படையில் ஜிப் பொட்டலங்களே. வெறும் ஜிப்பாக வந்தால், பிரித்து 'டெவலப்பர் மோடு' வழியாக ஏற்றச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம்.

பெயரை நம்ப முடியவில்லை என்றால் ஃபைலை நோட்பேட்++ உள்ளே இழுத்துப் போட்டு முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். எடிட்டரில் திறப்பதால் எதுவும் ஓடாது. ஜிப்பும் எக்ஸ்பிஐயும் ஆங்கிலத்தில் 'பிகே' என்று தொடங்கும். சிஆர்எக்ஸ் 'சிஆர்24' என்று தொடங்கும். விண்டோஸ் புரோகிராம் என்றால் 'எம்இசட்'. எக்ஸ்டென்ஷன் என்று சொல்லித் தந்த ஃபைல் 'எம்இசட்' என்று தொடங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு ஃபைலைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய காலத்து 'பிளகின்' பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் எல்லாம் பிரவுசருக்குள் டிஎல்எல் (விண்டோஸ் நிரல் துணுக்கு) ஃபைலாக ஏறி வேலை செய்தவை. தனக்குள்ளேயே சேர்த்திருந்த ஃபிளாஷைத் தவிர அந்த ஏற்பாட்டை குரோம் 2015-இல் நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் ஃபிளாஷைத் தவிர மற்றதை நிறுத்தியது. ஃபிளாஷின் ஆதரவை அடோபியே 2020 டிசம்பர் 31-உடன் முடித்து, 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்துவிட்டது. ஆகவே இன்று ஒரு தளம் "ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்" என்று ஃபைல் நீட்டினால் ஆராய வேண்டிய தேவையே இல்லை. அப்படி ஒரு புதுப்பிப்பு இப்போது கிடையாது.

3. எங்கிருந்து வந்தது, எப்படி நிறுவச் சொல்கிறார்கள்?

2014 முதல் விண்டோஸில் குரோம் தன் ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் சிஆர்எக்ஸ் ஃபைலை நேரடியாக ஏற்பதில்லை. இழுத்துப் போட்டால் தேவையான சான்று இல்லை என்று பிழைச் செய்தி வரும். அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் மோசடிக்காரர்கள் சுற்றுவழி சொல்கிறார்கள்: ஜிப்பைப் பிரியுங்கள், டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள், 'லோடு அன்பேக்டு' அழுத்துங்கள், ஆன்ட்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். இந்தக் கடைசி வரி எந்த வழிமுறையில் வந்தாலும் அத்துடன் அந்த ஃபைலை விட்டுவிடுங்கள். ஒழுங்காக எழுதிய எக்ஸ்டென்ஷன் எதுவும் அதைக் கேட்காது.

டெவலப்பர் மோடில் ஏற்றும் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் மூலநிரலோடு கிடைக்கும் நல்ல எக்ஸ்டென்ஷன்கள் பல அப்படித்தான் வருகின்றன. ஆனால் அந்த வழியில் வருவதை ஸ்டோர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

"இது ஸ்டோரில் உள்ளதேதான், ஃபைலாக எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் ஃபைலைச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டோரில் அதே பெயரைத் தேடி அங்கிருந்தே நிறுவுங்கள்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். குரோம் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்து அடையாள எண் உண்டு. அதில் ஆங்கிலத்தின் ஏ (a) முதல் பி (p) வரையிலான முதல் 16 எழுத்துகள் மட்டுமே வரும். எக்ஸ்டென்ஷனின் பொதுச்சாவியிலிருந்து (எல்லோரும் பார்க்கக்கூடிய, அதை அடையாளம் காட்டும் எண் தொடர்) அது கணக்கிடப்படுகிறது. பிரித்த ஃபோல்டராக ஏற்றும்போது, ஸ்டோரில் உள்ள உண்மையான எக்ஸ்டென்ஷனின் பொதுச்சாவியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து மேனிஃபெஸ்டில் (எக்ஸ்டென்ஷனின் விவரங்களை எழுதிய ஃபைல்) 'கீ' என்ற வரியில் ஒட்டிவிடலாம். அடையாள எண் அச்சு அசலாக ஒத்துப்போகும். உள்ளே இருக்கும் நிரலோ வேறு. ஃபோல்டராக ஏற்றியதற்கு எண் பொருந்துகிறது என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

4. ஹாஷ் எடுத்து வைரஸ்டோட்டலில் தேடுங்கள்

ஃபைலின் மேல் வலது கிளிக் செய்தால் 7-ஜிப் சேர்த்திருக்கும் 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256 இருக்கும். வரும் 64 எழுத்தை நகலெடுத்து, ஒரு ஃபைலைப் பல ஆன்ட்டிவைரஸ் எஞ்சின்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் 'சர்ச்' தாவலில் ஒட்டித் தேடுங்கள்.

முதலில் ஹாஷ், பிறகு தேவைப்பட்டால் மட்டும் அப்லோடு. வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைல் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் மட்டும் நிற்பதில்லை, பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். உங்கள் அலுவலகம் உள்வேலைக்காக எழுதிய எக்ஸ்டென்ஷனாக இருந்தால் அதிலுள்ள முகவரிகளும் சாவிகளும் வெளியே போய்விடும். ஹாஷ் தேடலில் அந்தச் சிக்கல் இல்லை. ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு உடனே வரும்.

முடிவைப் படிப்பதில்தான் தவறு அதிகம். எழுபதைத் தொடும் எஞ்சின்களில் ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டி, அந்தப் பெயரிலும் 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' என்று பொதுவாக இருந்தால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்புண்டு. பெயர் தெரிந்த எஞ்சின்கள் ஐந்தாறு ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், ஃபைலை ஒதுக்குங்கள்.

பூஜ்யம் வந்தால்? அதற்கு அர்த்தம் 'இதுவரை யாருக்கும் தெரியவில்லை' என்பது மட்டும்தான். தம்பியின் ஃபைலுக்குப் பூஜ்யம்தான் வந்தது. 'டீட்டெயில்ஸ்' தாவலில் 'ஃபர்ஸ்ட் சப்மிஷன்' என்ற தேதியைப் பார்த்தேன். முதல் நாள்தான் யாரோ முதன்முறையாக ஏற்றியிருக்கிறார்கள். பல வருடமாகப் புழங்கும் எக்ஸ்டென்ஷன் என்று விளம்பரம், ஃபைலுக்கு வயது ஒரு நாள். எக்ஸ்டென்ஷன் என்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். குக்கீயைப் படிக்கும் வரி நல்ல எக்ஸ்டென்ஷனிலும் அப்படியேதான் இருக்கும். வைரஸ் எஞ்சின்கள் அதில் திணறுவது இயல்பு. ஆன்ட்டிவைரஸின் பச்சையை நம்பி இங்கே நின்றுவிடாதீர்கள்.

5. பொட்டலத்தைப் பிரியுங்கள்

வலது கிளிக் செய்து 7-ஜிப் வழியாகப் புதிய ஃபோல்டர் ஒன்றுக்குள் பிரித்தெடுங்கள். சிஆர்எக்ஸ், எக்ஸ்பிஐ இரண்டையும் பெயர் மாற்றாமலே அது திறக்கும். பிரவுசருக்குள் இழுத்துப் போட்டுத் திறக்காதீர்கள், அது நிறுவும் வேலை.

உள்ளே மேனிஃபெஸ்ட்.ஜேசன் என்ற ஃபைல் கட்டாயம் இருக்கும். அதோடு சில ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்கள், எச்டிஎம்எல் பக்கங்கள், ஐகான் படங்கள். இஎக்ஸ்இ, டிஎல்எல், பேட்ச் (.bat) ஃபைல் எதுவும் இருக்கக் கூடாது. பிரவுசருக்கு அவற்றால் வேலையில்லை. ஐகான் படத்தின் அளவையும் பாருங்கள். 128 பிக்செல் சின்னம் ஒன்று பல நூறு கேபி எடை வந்தால், படத்தின் வாலில் நிரலை ஒட்டி மறைத்திருக்கிறார்களா என்று எடிட்டரில் திறந்து கடைசிப் பகுதியைப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்பிஐயில் 'மெட்டா-இன்ஃப்' என்ற ஃபோல்டரும் அதற்குள் மொசில்லாவின் கையொப்ப ஃபைல்களும் இருக்கும். கையொப்பம் இருந்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். தங்கள் தளத்திலேயே விநியோகிப்பவர்களின் எக்ஸ்டென்ஷனுக்கும் மொசில்லா கையொப்பம் தருகிறது, தானியங்கிச் சோதனைக்குப் பிறகு. கையொப்பத்துக்குப் பின் யாரும் ஃபைலை மாற்றவில்லை என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம்.

6. மேனிஃபெஸ்டைப் படியுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இதில் நிரல் அறிவு தேவையில்லை. அந்த எக்ஸ்டென்ஷன் பிரவுசரிடம் கேட்டு வாங்கும் அதிகாரங்கள் எல்லாம் இந்த ஒரு ஃபைலில் எழுதியிருக்கும். எழுதாத அதிகாரத்தை அதனால் பயன்படுத்த முடியாது. பொய் சொல்ல இடமில்லாத ஆவணம் இது.

'பெர்மிஷன்ஸ்', 'ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்', 'கன்டென்ட் ஸ்கிரிப்ட்ஸ்' ஆகிய மூன்று பகுதிகளைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இது சொல்லும் வேலைக்கு இந்த அதிகாரம் எதற்கு?

கேள்வியை இப்படி வைப்பதற்குக் காரணம் உண்டு. எந்த அதிகாரமும் தனியாகப் பார்த்தால் கெட்டதில்லை. எல்லாத் தளங்களையும் குறிக்கும் 'ஆல் யூஆர்எல்ஸ்' அல்லது *://*/* என்ற வரியைப் பார்த்ததும் புதியவர்கள் பதறிவிடுவார்கள். தமிழ்த் தட்டச்சு எக்ஸ்டென்ஷன் எந்தப் பக்கத்தில் இருக்கும் எழுத்துப் பெட்டியிலும் வேலை செய்தாக வேண்டும், அதற்கு அந்த வரி தேவை. விளம்பரத் தடுப்பானுக்கும் தேவை. ஆனால் தட்டச்சுக் கருவிக்கு 'குக்கீஸ்' எதற்கு? அதற்குப் பதில் இல்லை.

கூர்ந்து பார்க்க வேண்டிய அதிகாரங்கள் இவை:

'குக்கீஸ்' வரியும் எல்லாத் தளங்களும் ஜோடியாக வந்தால் முதல் கவலை. லாகின் செய்த பிறகு தளம் உங்களை அடையாளம் காண்பது குக்கீயை வைத்துத்தான். அந்தக் குக்கீ திருடனிடம் போனால் அவன் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்துவிட முடியும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களும் கணக்கை இழப்பது இப்படித்தான்.

'மேனேஜ்மென்ட்' என்ற வரி மற்ற எக்ஸ்டென்ஷன்களைப் பட்டியலிடவும் அணைக்கவும் உரிமை தருகிறது. உங்கள் பாதுகாப்பு எக்ஸ்டென்ஷனை அணைத்துவிடலாம்.

'டீபக்கர்' பக்கத்துக்குள் கிட்டத்தட்ட முழு ஆதிக்கம். 'ப்ராக்ஸி' உங்கள் இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும். விபிஎன் தவிர மற்ற எதற்கும் இது அரிது. 'நேட்டிவ் மெசேஜிங்' பிரவுசருக்கு வெளியே உங்கள் கணினியில் உள்ள ஒரு புரோகிராமோடு பேசுவது. பாஸ்வேர்ட் மேனேஜருக்குச் சரி, வால்பேப்பர் மாற்றுவதற்கு வேண்டியதில்லை.

'அப்டேட் யூஆர்எல்' என்ற வரியையும் விடாதீர்கள். குரோம் ஸ்டோரிலிருந்து எடுத்ததில் அது கூகுளின் சர்வரைக் காட்டும். வேறு முகவரி இருந்தால், நாளை அந்த முகவரிக்காரர் என்ன தருகிறாரோ அதுதான் உங்கள் பிரவுசரில் ஓடும்.

தம்பியின் ஃபைலில் இருந்த பட்டியல்: ஸ்டோரேஜ், டேப்ஸ், அலாரம்ஸ், குக்கீஸ், மேனேஜ்மென்ட், எல்லாத் தளங்களும். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற உங்கள் குக்கீ எதற்கு? மற்ற எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல் எதற்கு? இங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. மேற்கொண்டு போனது அவருக்கு விளக்கிக் காட்டத்தான்.

இந்தக் கேள்வி எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு 2018-இல் நடந்ததைச் சொல்லலாம். செப்டம்பர் 4 அன்று மெகா என்ற ஃபைல் சேமிப்புச் சேவையின் குரோம் எக்ஸ்டென்ஷனில் யாரோ புகுந்து 3.39.4 என்ற கெட்ட பதிப்பை ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். அது பாஸ்வேர்டுகளைத் திருடியது. உண்மையான மெகாவுக்குத் தேவைப்படாத ஒரு அனுமதியை அந்தப் பதிப்பு புதிதாகக் கேட்டது: எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும். அந்தப் பெட்டியை நின்று படித்து மறுத்தவர்கள் தப்பினார்கள்.

7. நிரலுக்குள் தேடுங்கள்

எல்லா வரியையும் படிக்கத் தேவையில்லை. நோட்பேட்++ இல் 'ஃபைண்ட் இன் ஃபைல்ஸ்' திறந்து பிரித்த ஃபோல்டரைக் கொடுத்துச் சில சொற்களை மட்டும் தேடினால் போதும்.

முதலில் நிரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒரே நீள வரியாகச் சுருக்கியிருப்பது சாதாரணம், வேகத்துக்காகச் செய்வது. மாறிகளின் பெயர்கள் எல்லாம் அடிக்கோடு, பூஜ்யம், எக்ஸ், பிறகு எண்கள் என்று வரிசையாக இருந்தால் அது சுருக்கம் இல்லை, வேண்டுமென்றே மறைத்தது. குரோம் ஸ்டோர் 2018 முதல் இப்படி மறைத்த நிரலை அனுமதிப்பதில்லை. வெளியே கிடைக்கும் ஃபைலில் அதைப் பார்த்தால் ஒதுக்க அதுவே போதுமான காரணம்.

அடுத்து வலை முகவரிகள். 'எச்டிடிபி' என்று தேடி வரும் முகவரிகளைத் தனியே எழுதி வையுங்கள். எக்ஸ்டென்ஷனின் வேலைக்குச் சம்பந்தமில்லாத டொமைன் எது என்று தானாகத் தெரியும். மறைத்து வைத்த முகவரிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பேஸ்64 (தரவை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதுவது) முறையில் எழுதிய வலை முகவரி எப்போதும் ஒரே நான்கு குறிகளோடு தொடங்கும்: சிறிய ஏ, பெரிய எச், பெரிய ஆர், பூஜ்யம். எழுத்தின் பெரிது சிறிது பார்க்கும்படி தேடலை அமைத்து இந்த நான்கைத் தேடுங்கள். நேர்மையான எக்ஸ்டென்ஷன் தன் சர்வரின் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிறகு எழுத்தாக வந்ததை நிரலாக ஓட்டும் 'இவால்' (eval), 'நியூ ஃபங்ஷன்' (new Function), சாவி அழுத்துவதைக் கவனிக்கும் 'கீடவுன்' (keydown), 'பாஸ்வேர்ட்' (password), குக்கீகளை மொத்தமாக வாங்கும் 'கெட்ஆல்' (getAll) ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். ஒவ்வொன்றும் வந்த இடத்தில் மேலும் கீழும் பத்து வரி படியுங்கள். வாங்கியதை எங்கே அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. சொல் வந்ததாலேயே முடிவுகட்டாதீர்கள். கீடவுன் இல்லாமல் ஷார்ட்கட் சாவிகளே வேலை செய்யாது.

தம்பியின் ஃபைலில் பெரிய ஃபைல் ஒன்று, பலரும் பயன்படுத்தும், நன்கு தெரிந்த ஆயத்த பிடிஎஃப் நிரல், அப்பழுக்கில்லாதது. பக்கத்தில் 'அனலிட்டிக்ஸ்' என்ற பெயரில் 90 வரி ஃபைல். அதற்குள் ஒரு அலாரம், 4320 நிமிடத்துக்கு வைத்தது. கணக்குப் போட்டால் மூன்று நாள். மூன்று நாள் வரை பிடிஎஃப் மாற்றும் வேலையை ஒழுங்காகச் செய்யும். மூன்றாம் நாள் கழித்து பேஸ்64-இல் மறைத்த முகவரிக்குப் போய் யாருடைய குக்கீயை எடுப்பது என்று பட்டியல் வாங்கும். "ரெண்டு நாள் போட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

8. தனிக் கணினியில் ஓட்டிப் பாருங்கள்

நிரலைப் படித்தும் தெளிவில்லை என்றால் மட்டும் இது. மெய்நிகர் கணினிக்குள் புதிய பிரவுசர் போட்டு, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாமல் நிறுவுங்கள். உங்கள் கூகுள் கணக்கால் உள்ளே நுழைந்தால் அந்தக் கணக்கின் குக்கீகளே எக்ஸ்டென்ஷனின் கைக்குப் போய்விடக்கூடும். நான் பார்த்ததில் அதிகம் பேர் செய்த பிழை இதுதான்.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் 'சர்வீஸ் வொர்க்கர்' (எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரல்) என்ற இணைப்பு தெரியும். அதை அழுத்தி நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கைந்து தளங்களுக்குப் போங்கள். பெட்டிகளில் பொய்யான பெயரும் பாஸ்வேர்டும் அடியுங்கள். நீங்கள் அடித்ததோ, பார்த்த பக்கங்களின் முகவரிகளோ வெளியே போகிறதா என்று கவனியுங்கள். மெய்நிகர் கணினியின் கடிகாரத்தை ஒரு வாரம் முன்னே தள்ளிவைத்து, பிரவுசரை மூடித் திறந்து இன்னொரு முறை பாருங்கள்.

இந்தச் சோதனையில் கெட்டது தெரிந்தால் உறுதி. ஒன்றும் தெரியாவிட்டால் அது பாதிப் பதில்தான். மெய்நிகர் கணினியில் இருப்பதை உணர்ந்து சும்மா இருக்கும் நிரல்களும் உண்டு.

9. நல்லது என்று தெரிந்த பிறகும்

ஃபைல் தேறிவிட்டது, நிறுவுகிறீர்கள். பதிப்பு எண்ணையும் ஹாஷையும் அனுமதிப் பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள். நீங்கள் சோதித்தது இந்தப் பதிப்பை மட்டும். பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்கள் உங்களைக் கேட்காமலே புதுப்பித்துக்கொள்ளும்.

கிரேட் சஸ்பெண்டர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன். எழுதியவர் 2020-இல் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை அணைத்தது. சைபர்ஹேவன் தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஸ்டோரிலிருந்து வந்தது போன்ற ஒரு போலி மின்னஞ்சலில் அதன் ஊழியர் ஏமாந்தார். மறுநாளே 24.10.4 என்ற கெட்ட பதிப்பு பயனர்களின் பிரவுசருக்குள் போய் ஃபேஸ்புக் கணக்குகளின் குக்கீகளைக் குறிவைத்தது. அதே பாணியில் இன்னும் பல எக்ஸ்டென்ஷன்களும் மாட்டின.

புதுப்பித்த பிறகு எக்ஸ்டென்ஷன் தானாக அணைந்து, புதிய அனுமதி கேட்டு நின்றால் ஆறாவது படியின் கேள்வியை மறுபடி கேளுங்கள். பயன்படுத்தாததை நீக்குங்கள். எப்போதாவது பயன்படுத்துவதற்கு, எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் தள அனுமதியை 'ஆன் கிளிக்' என்று மாற்றி வைக்கலாம்.

10. ஏற்கெனவே நிறுவிவிட்டேன், என்ன செய்வது?

இங்கும் வரிசை முக்கியம். பதற்றத்தில் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். எக்ஸ்டென்ஷன் உள்ளேயே இருக்கும்போது மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதற்குத் தெரிந்துவிடும்.

முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அதே கணக்கில் சிங்க் செய்த (அமைப்புகளைத் தானாக ஒத்திசைக்கும்) மற்ற கணினிகளிலும் போய்ப் பாருங்கள், ஒன்றில் மிச்சம் இருந்தால் திரும்பி வரக்கூடும்.

நீக்கும் பொத்தான் வேலை செய்யாமல், வீட்டுக் கணினியிலேயே 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று குரோம் சொன்னால், அலுவலகங்களுக்காக உள்ள கட்டாய நிறுவல் வசதியை மால்வேர் பயன்படுத்தியிருக்கிறது. முகவரிப் பட்டியில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரியில் அந்த 32 எழுத்து எண் தெரியும். அது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற கிளையில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரை வைத்து நீக்குவது நல்லது. அலுவலகக் கணினி என்றால் தொடாதீர்கள், அது உண்மையிலேயே அலுவலகம் வைத்ததாக இருக்கலாம்.

அடுத்து, முழு ஸ்கேன். எக்ஸ்டென்ஷன் ஒரு இஎக்ஸ்இ அல்லது ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் நகல் போன்ற ஃபைல்) வழியாக வந்திருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது. 2022-இல் பரவிய குரோம்லோடர் என்ற மால்வேர், கிராக் செய்த கேம், படம் என்ற பெயரில் ஐஎஸ்ஓ ஃபைலாக வந்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் போட்டுவைத்து எக்ஸ்டென்ஷனைத் திரும்பத் திரும்ப ஏற்றியது. டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் 'டார்கெட்' வரியையும் பாருங்கள். குரோம்.இஎக்ஸ்இ என்பதோடு முடியாமல் எக்ஸ்டென்ஷன் ஏற்றச் சொல்லும் கட்டளை ஒட்டியிருந்தால் அந்த ஷார்ட்கட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

இதன் பிறகு வேறொரு சுத்தமான கருவியிலிருந்து, மின்னஞ்சலில் தொடங்கி ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். திருடு போன குக்கீயைச் செல்லாததாக்குவது இந்தப் பொத்தான்தான். பல தளங்களில் பாஸ்வேர்டு மாற்றினாலும் பழைய லாகின் அப்படியே நிற்கும். வெளியேறிய பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மின்னஞ்சலில் யாராவது ஃபார்வர்டு விதி ஏதும் போட்டு வைத்திருக்கிறார்களா, மீட்பு எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணம் போயிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அப்போதே கூப்பிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கடைசியாக, சந்தேக ஃபைலை அழிக்கும் முன் 7-ஜிப்பில் 'இன்ஃபெக்டட்' என்ற ஆங்கிலச் சொல்லையே பாஸ்வேர்டாகக் கொடுத்து ஒரு ஜிப்பாகக் கட்டி வையுங்கள். மால்வேர் மாதிரிகளை அனுப்ப ஆய்வாளர்களிடையே வழக்கமாக உள்ள பாஸ்வேர்டு அது. ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்தில் மாதிரி அனுப்பும் பக்கத்தில் அதை ஏற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் ஸ்டோரிலும் இருந்தால் அதன் பக்கத்திலேயே புகார் செய்யும் இணைப்பு உண்டு. தம்பியின் ஃபைலை அப்படி அனுப்பி வைத்தேன். நான்கு நாள் கழித்து அதே ஹாஷை வைரஸ்டோட்டலில் தேடியபோது பதினோரு எஞ்சின்கள் சிவப்புக் காட்டின.